பீடமும் சுவரும்: 1745-இன் புதுச்சேரியில் காணிக்கையும் பலியும்

ஹஜ்ஜுப் பெருநாளில் நாம் கொடுக்கும் பிராணிப் பலியைக் ‘குர்பானி’ என்கிறோம். கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்கள் ஞாயிறுதோறும் தம் பேராலயங்களில் நிகழ்த்தும் வழிபாட்டைக் ‘குர்பானா’ என்கின்றனர். யூதர்களின் தவ்ராத்தில் பலிப்பொருளைக் குறிக்கும் எபிரேயச் சொல் ‘கொர்பான்’. மூன்று சொற்களுக்கும் வேர் ஒன்றே. ‘க-ர-ப’ என்னும் அவ்வேருக்கு ‘நெருங்குதல்’ என்பது பொருள். இறைவனை நெருங்குவதற்காக மனிதன் கொண்டுவருவது எதுவோ அது குர்பான். அறுப்பது, எரிப்பது, படைப்பது யாவும் அந்த நெருக்கத்தை நாடிய வழிகளேயன்றி அவையே இலக்கல்ல.

தமிழில் ‘காணிக்கை’ என்னும் சொல்லும் எண்ணத்தக்கது. பெரியோரைக் காணச் செல்வோர் வெறுங்கையுடன் செல்வதில்லை. கண்டு கொடுப்பது காணிக்கை. முகலாய அவைகளில் இதே வழக்கத்திற்கு ‘நஜர்’ என்று பெயர். அது நேர்ச்சையைக் குறிக்கும் ‘நத்ரு’ என்னும் அரபுச் சொல்லின் பாரசீக வடிவம். இறைவனுக்கென நேர்ந்துகொள்வதைக் குறித்த சொல் நவாபுக்கும் ஆளுநருக்கும் நீட்டும் தட்டத்திற்குப் பெயராகிவிட்டது. இறைவனுக்குக் கொடுப்பதும் மனிதர் முன் தன் தகுதியைக் காட்டுவதும் எவ்வளவு எளிதில் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன என்பதற்கு இச்சொல்லின் பயணமே சான்று.

இக்கலப்பை ஒரு நகரத்தின் வரலாற்றில் வைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். நகரம் புதுச்சேரி, ஆண்டு 1745. நிகழ்ச்சிகள் கிறிஸ்தவர்களுடையவை, அவற்றைப் பதிவு செய்தவரோ வைணவர். எனினும் அவை எழுப்பும் வினா, பெருநாள் தொழுகையில் தோளோடு தோள் சேர்ந்து நிற்கும் நம்மையும் தொடுகிறது.

பலி பற்றிய கிறிஸ்தவக் கொள்கை

நிகழ்ச்சிகளுக்குள் புகுமுன், கிறிஸ்தவர்கள் பலி என்பதை எவ்வாறு பொருள் கொள்கின்றனர் என்பதை அறிவது நலம். இஸ்ரவேலரின் வழிபாடு ஜெரூசலம் ஆலயத்தின் பலிபீடத்தை மையமாகக் கொண்டிருந்தது. கி.பி. 70-இல் ரோமானியர் அவ்வாலயத்தை அழித்தபின் யூதர்களிடையே பிராணிப் பலி நின்றுபோயிற்று. கிறிஸ்தவர்களோ வேறொரு விளக்கத்தை வகுத்துக்கொண்டனர். இயேசுவின் மரணமே இறுதியான, முழுமையான பலி; அதற்குப்பின் வேறு இரத்தப் பலி தேவையில்லை என்பது அவர்களின் நம்பிக்கை. புதிய ஏற்பாட்டின் எபிரேயர் திருமுகம் இக்கருத்தை விரிவாக வாதிடுகிறது.

அப்பமும் திராட்சை இரசமும் வைத்து நிகழும் வழிபாட்டைக் கத்தோலிக்கர் அந்தப் பலியோடு இணைத்தனர். 1520-இல் மார்ட்டின் லூதர் இதனை மறுத்தார். வழிபாடு மனிதன் இறைவனுக்குச் செலுத்தும் பலியன்று, இறைவன் மனிதனுக்கு அளிக்கும் கொடையே என்பது அவர் வாதம். அதற்கு மறுமொழியாக 1562-இல் திரெந்துப் பொதுச்சங்கம், அது இரத்தம் சிந்தாத உண்மையான பலியே என வரையறுத்தது. இன்று தமிழ்க் கத்தோலிக்கர் ‘திருப்பலி’ என வழங்குவதும், முன்பு ‘பூசை’ எனப் பெரிதும் வழங்கியதும் இவ்வழிபாட்டையே.

ஆயினும் பீடத்தில் நிகழ்வது மட்டுமே பலி எனத் தொடக்கக் கிறிஸ்தவம் கருதவில்லை. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் ரோம் நகரில் எழுதிய ஜஸ்டின், ஞாயிறு வழிபாட்டில் வசதியுள்ளோர் விரும்பியதைக் கொடுப்பர் என்றும், அப்பொருள் அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறைப்பட்டோர், வழிப்போக்கர் ஆகியோருக்குச் செலவிடப்படும் என்றும் விவரிக்கிறார். ஐந்தாம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர் ஆயர் அகுஸ்தீன், தம் ‘இறைவனின் நகரம்’ நூலின் பத்தாம் பகுதியில், மனிதன் இறைவனோடு ஒன்றி நிற்கும் பொருட்டுச் செய்யும் ஒவ்வொரு நற்செயலும் பலியே என்றும், இறைவனை நோக்கியதாயின் இரக்கச் செயலும் பலியாகும் என்றும் விளக்குகிறார். ‘குர்பு’ என்னும் நெருக்கத்தை முன்வைத்துக் குர்பானை விளங்கிக்கொள்ளும் நமக்கு இவ்விளக்கம் அயலானதன்று.

வேறுபாடு ஆழமானது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஒருவரின் சுமையை மற்றொருவர் சுமக்க மாட்டார் என்பது திருக்குர்ஆன் பலமுறை வலியுறுத்தும் கொள்கை (6:164). ஈசா நபி (அலை) அவர்களின் சிலுவை மரணத்தையும் அது ஏற்பதில்லை (4:157). எனவே ஒருவரின் மரணம் பிறர் பாவங்களுக்கு ஈடாகும் பலி என்னும் கருத்துக்கு இஸ்லாத்தில் இடமில்லை. நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் மகனைப் பலியிட முனைந்த நிகழ்ச்சியைக் கிறிஸ்தவர்கள் வரவிருந்த மற்றொரு பலியின் முன்னடையாளமாகக் காண்கின்றனர். நாமோ தந்தையும் மகனும் இறைவிருப்பத்திற்கு முழுமையாகக் கீழ்ப்படிந்ததன் நிறைவாகக் காண்கிறோம். ஆனால் கொடுப்பவனின் உள்ளமும் நடத்தையுமே கொடையின் மதிப்பைத் தீர்மானிக்கின்றன என்பதில் இரு சமயங்களும் உடன்படுகின்றன. கீழ்வரும் வரலாறு அந்த உடன்பாட்டின் அளவுகோலில் வைத்துப் பார்க்கத்தக்கது.

பிரெஞ்சுப் புதுச்சேரியின் திருச்சபை

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுச்சேரியில் இரு துறவற சபைகள் முதன்மை பெற்றிருந்தன. ஐரோப்பியருக்குக் கப்புச்சின் சபையினரும் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இயேசு சபையினரும் குருமாராக இருந்தனர். இயேசு சபையினரின் கோயிலை மக்கள் ‘சம்பா கோயில்’ என்றனர். புனித பவுலைக் குறிக்கும் ‘சன் பவுலோ’ என்னும் போர்ச்சுக்கீசியப் பெயரே அவ்வாறு திரிந்தது.

தமிழரின் குல வழக்கங்களில் எவற்றைக் கிறிஸ்தவர் தொடரலாம் என்பதில் இவ்விரு சபையினருக்கும் கடும் பூசல் நிலவியது. சீனா செல்லும் வழியில் 1703 நவம்பரில் புதுச்சேரியில் தங்கிய திருத்தந்தையின் தூதர் தூர்னோன், 1704-இல் இந்நகரிலிருந்தே ஓர் ஆணையை வெளியிட்டார். நெற்றியில் சாம்பல் பூசுதல், திருமணச் சடங்குகள் பல ஆகியவற்றை அது தடை செய்தது. பறையர் குலத்து நோயாளிகளின் வீட்டிற்கே குருமார் சென்று இறுதிச் சடங்குகளை நிறைவேற்ற வேண்டும் என்றும் அது பணித்தது. ‘மலபார் சடங்குகள்’ எனப்பட்ட இவ்வழக்கு நாற்பது ஆண்டுகள் நீடித்தது. 1744 செப்டம்பரில் பதினான்காம் பெனடிக்டு வெளியிட்ட ஆணையோடு முடிவுக்கு வந்தது. அந்த ஆணையும் பறையர்களுக்கெனத் தனிக் குருமாரை அமர்த்தும் ஏற்பாட்டை ஏற்றது. அதாவது, தாழ்த்தப்பட்டோரைக் கைவிடக் கூடாது என்ற கொள்கை உறுதி பெற்றது. ஒரே குரு ஒரே நேரத்தில் இரு சாராரையும் தொட்டுப் பழக வேண்டும் என்ற கட்டாயமோ தவிர்க்கப்பட்டது.

சமயமும் பதவியும் பிணைந்திருந்த நகரம் அது. தலைமைத் துபாஷியாக இருந்த நைனியப்ப பிள்ளை 1716-இல் தண்டிக்கப்பட்டு 1717-இல் சிறையிலேயே இறந்தார். அவர் வீழ்ச்சியில் இயேசு சபையினருக்கும் பங்குண்டு. கிறிஸ்தவர் ஒருவரே அப்பதவியில் அமர வேண்டும் என்பது அவர்கள் நாட்டம். பின்னாளில் கத்தோலிக்கரான கனகராய முதலி அப்பதவியைப் பெற்று 1746-இல் இறக்கும்வரை வகித்தார். அவர் காலத்து நிகழ்ச்சிகளை நமக்குச் சொல்பவர், அவருக்குப்பின் அதே பதவியை அடைந்த ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761). 1736 செப்டம்பரில் தொடங்கும் அவருடைய தமிழ் நாட்குறிப்பு அக்காலத் தென்னிந்திய வரலாற்றுக்கு ஈடிணையற்ற சான்று. எனினும் அவர் கனகராய முதலியின் போட்டியாளர், கிறிஸ்தவர் அல்லர். அவர் தீர்ப்புகளை இந்நிலையை மனத்திற்கொண்டே படிக்க வேண்டும்.

அக்டோபர்: இடிந்த சுவர்

1745 அக்டோபர் 16-ஆம் நாள் குறிப்பில் ஆனந்தரங்கப் பிள்ளை சம்பா கோயிலின் செய்தி ஒன்றை எழுதுகிறார். கோயிலின் உள்ளே ஒரு சுவர் இருந்தது. அதன் ஒருபுறம் பறையர் குலக் கிறிஸ்தவர்கள்; மறுபுறம் உயர்சாதிக் கிறிஸ்தவர்களும் சட்டைக்காரரும் ஐரோப்பியரும். காரைக்காலிலிருந்து வந்த குருவானவர் ஒருவர் இதனைக் கண்டு, பறைச்சேரிக் கிறிஸ்தவர்களைத் தூண்டினார். அவர்கள் தலைமைக் குருவிடம் சென்று முறையிட்டனர். தாங்களும் உண்மையில் சீடர்களே எனில் இந்த வேறுபாடு ஏன் என்பதே அவர்கள் கேள்வியின் சாரம். தலைமைக் குரு அதனை நியாயம் எனக் கண்டு சுவரை இடிக்கச் செய்தார். அனைவரும் கலந்து அமர்ந்தனர்.

எதிர்ப்பு உடனே எழுந்தது. நறுமணம் பூசி, நகைகள் அணிந்து, மெல்லிய ஆடையில் வந்த செல்வக் குடும்பத்துப் பெண் ஒருவரைக் குருவானவர் அனைவர் முன்னிலையிலும் கடிந்துகொள்ள, பூசல் முற்றியது. கனகராய முதலியின் உறவினர் ஒருவர் குருவானவரின் அங்கியைப் பற்றி இழுத்து வாதாடியதாகவும், இனிக் கோயிலுக்கு வரப்போவதில்லை என உயர்சாதியினர் கூறியதாகவும் நாட்குறிப்பு தெரிவிக்கிறது. செய்தி ஆளுநர் டூப்ளேவிடமும் சென்றது.

இந்நிகழ்ச்சியில் கருதத்தக்கது, சுவரை இடிக்கும் எண்ணம் நிறைவேறியது யாருடைய முறையீட்டால் என்பதே. ரோமாபுரியின் ஆணைகளும் குருமாரின் வாதங்களும் நாற்பது ஆண்டுகளில் செய்யாததை, தாங்களே நேரில் சென்று கேட்ட மக்கள் ஒரு நாளில் செய்வித்தனர். அவர்கள் புதிய கொள்கை எதையும் கொண்டுவரவில்லை. தங்களுக்குப் போதிக்கப்பட்ட கொள்கையையே போதித்தவர் முன் வைத்தனர். பிறரோடு பகை இருக்கையில் காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு முதலில் சமாதானம் செய்துகொள்ள வேண்டும் என்பது மத்தேயுவின் நற்செய்தியில் இயேசுவின் பெயரால் உள்ள போதனை. கொரிந்து நகரில் செல்வரும் வறியரும் ஒரே திருவிருந்தில் தனித்தனியே உண்டதைப் பவுல் கண்டித்தார். பொன் மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இருக்கையும் கந்தல் அணிந்தவனுக்குத் தரையும் காட்டுவோரை யாக்கோபின் திருமுகம் சாடுகிறது. புதுச்சேரிச் சுவர் இம்மூன்றுக்கும் எதிரானது.

நம் வரலாற்றிலும் இதையொத்த சோதனை வந்ததுண்டு. பிலால் (ரலி), சுஹைபு (ரலி), அம்மார் (ரலி), கப்பாபு (ரலி) போன்ற எளியோரை அவையிலிருந்து அகற்றினால் தாங்கள் வந்து அமர்ந்து கேட்பதாகக் குறைஷித் தலைவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் கூறினர். காலையும் மாலையும் தம் இறைவனை அழைப்போரை விரட்டிவிடக் கூடாது என்னும் கருத்தமைந்த 6:52 வசனம் அதையொட்டி அருளப்பட்டது என விரிவுரையாளர்கள் குறிப்பிடுகின்றனர். மக்காவின் செல்வர்கள் கேட்டதும் சம்பா கோயிலின் செல்வர்கள் கேட்டதும் வேறல்ல.

நவம்பர்: ஒழுகரை விருந்து

சுவர் பற்றிய குறிப்பு எழுதப்பட்ட நாற்பத்தைந்தாம் நாள், நவம்பர் 30. அது கிறிஸ்தவர்கள் புனித அந்திரேயாவை நினைவுகூரும் திருநாள். கனகராய முதலியின் ஒரே கவலையான மகன் வேலவேந்திரன் 1739-இல் இளமையிலேயே இறந்திருந்தான். அவன் நினைவாக ஒழுகரையில், இன்றைய ரெட்டியார்பாளையத்தில், அவர் எழுப்பிய அந்திரேயா ஆலயத்தின் திறப்பையொட்டி அன்று பெருவிருந்து நடந்தது.

பிராமணர், வேளாளர், கோமுட்டிகள், செட்டிகள், பொற்கொல்லர், நெசவாளர் எனப் பல குலத்தாரும், ஐரோப்பியரும், கிறிஸ்தவரும் அழைக்கப்பட்டனர். அவரவர் ஆசாரத்திற்கு ஏற்பச் சத்திரங்களிலும் தோட்டங்களிலும் தனித்தனியே சமையல் நடந்தது. ஐரோப்பியருக்குப் புதுச்சேரியில் சமைத்து ஒழுகரைக்குக் கொண்டுவந்து மேசையிட்டுப் பரிமாறினர். டூப்ளே தம் மனைவியுடன் வந்து மாலை ஐந்து மணிவரை இருந்தார். குறை எதுவும் இல்லாத விருந்து.

ஆனால் ஆனந்தரங்கப் பிள்ளை அதில் நிறைவு காணவில்லை. தேவாலயம் கட்டிய கிறிஸ்தவர், இந்துக்கள் கோயில் குடமுழுக்கில் செய்வதுபோல் விருந்து நடத்தினார். தம் வேதத்தின்படி நடப்பதாயின் ஐரோப்பியர், உள்நாட்டுக் கிறிஸ்தவர், பறையர் முதலியோருக்கே விருந்தளித்திருக்க வேண்டும். அவர் செய்தது அந்த முறையிலும் சேரவில்லை, இந்த முறையிலும் சேரவில்லை என்பது அவர் குறையின் சுருக்கம். போட்டியாளரின் சொல் என்று இதனை ஒதுக்கிவிடலாம். ஆனால் ஒரு வைணவர், கிறிஸ்தவரின் கொடையைக் கிறிஸ்தவத்தின் அளவுகோலாலேயே அளக்கிறார் என்பது வியப்புக்குரியது. வெளியிலிருந்து பார்த்தவருக்கும் அம்மதம் கோருவது எது என்பது தெரிந்திருந்தது.

கனகராய முதலியின் துயரத்தை எளிதாகக் கருதலாகாது. மகனை இழந்த தந்தை, தன் செல்வத்தை இறைவனின் இல்லமாக்கினார். அதில் உண்மையான பக்தி இல்லை எனக் கூற நமக்கு உரிமையில்லை. உள்ளங்களை அறிபவன் இறைவனே. ஆயினும் அக்கொடையின் வடிவம் ஒன்றைக் காட்டுகிறது. கட்டடத்தை இறைவனுக்குக் கொடுத்தவர், தன் குல மதிப்பையும் ஊரார் மெச்சும் பெருமையையும் விட்டுக்கொடுக்கவில்லை. அக்டோபரில் பீடத்தின் முன் இடிந்த சுவர், நவம்பரில் சமையற்கூடங்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாமல் எழுந்து நின்றது.

1748: பிறர் பொருளைப் பலியிடுதல்

மூன்றாண்டுகளுக்குப் பின் நடந்ததையும் சேர்த்துச் சொல்லாவிடில் வரலாறு முழுமையாகாது. 1748 செப்டம்பரில் பொஸ்காவன் தலைமையில் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது, இயேசு சபைக் கோயிலை அடுத்திருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. குருமார் நெடுங்காலம் விரும்பியது போரின் பெயரால் நிறைவேறியதை ஆனந்தரங்கப் பிள்ளை வேதனையுடன் எழுதுகிறார். ஒரு பள்ளிவாசலையும் இடிக்க முற்பட்டபோது சிப்பாய்களின் தலைவர் அப்துர் ரஹ்மான் ஆளுநரிடம் சென்று தடுத்ததாகவும், அப்பள்ளி தப்பியதாகவும் அவர் குறிப்பிடுகிறார். போர்முனையில் முஸ்லிம் சிப்பாய்களின் தேவை டூப்ளேவுக்கு இருந்தது. கோயிலுக்காகப் பேசியோரிடம் அத்தகைய வலிமை இல்லை.

ஆதமின் மைந்தர் இருவர் கொண்டுவந்த குர்பானைப் பற்றித் திருக்குர்ஆன் கூறுகிறது (5:27). ஒருவருடையது ஏற்கப்பட்டது, மற்றவருடையது ஏற்கப்படவில்லை. இறையச்சமுடையோரிடமிருந்தே இறைவன் ஏற்கிறான் என்பது அங்கே சொல்லப்படும் காரணம். தவ்ராத்திலும் இவ்வரலாறு உண்டு. ஏற்கப்படாதவன் அடுத்துச் செய்தது சகோதரக் கொலை. தன்னிடமுள்ளதைக் கொடுத்து இறைவனை நெருங்குவது குர்பான். பிறருடையதை அழித்து அவனை நெருங்கலாம் என எண்ணுவது காபீலின் வழி. தங்கள் கோயிலின் சுவரை இடித்த கை பலியிட்டது. அண்டையாரின் கோயிலை இடித்த கை அவ்வாறு செய்யவில்லை.

திரும்பத் திரும்ப எழும் சுவர்

1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றித் தரைமட்டமாக்கியபோது இயேசு சபைக் கோயிலும் அழிந்தது. 1773-இல் அச்சபை கலைக்கப்பட்டது. பாரிஸ் வேதபோதக சபையினர் பொறுப்பேற்றனர். அதே இடத்தில் 1791-இல் நிறைவுற்ற பேராலயமே இன்று மிஷன் வீதியில் நிற்கிறது. கட்டடம் மாறியது, வழக்கம் அவ்வளவு எளிதில் மாறவில்லை. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த ஆலயம், இரு சாராரும் ஒருவரையொருவர் காணாமல் ஒரே பீடத்தை நோக்கும்படி இரு கைகளாகவே கட்டப்பட்டது. அதன் தடுப்பு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகற்றப்பட்டபோது வழக்கு சென்னை உயர்நீதிமன்றம்வரை சென்றது. 2008 மார்ச்சில், புதுச்சேரி-கடலூர் உயர் மறைமாவட்டத்திற்கு உட்பட்ட எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கோரியதையொட்டிக் கலவரம் மூண்டது; காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். 1745-இல் சுவரை நீக்கக் கேட்டவர்களின் வழிவந்தோர், சமமாக நடத்தப்படும் தனிக்கோயிலையே கேட்கும் நிலைக்குத் தள்ளப்பட்டனர் என்பது வேதனைக்குரியது.

நாம் கொள்ள வேண்டிய பாடம்

இவ்வரலாற்றைப் பிறர் வீட்டுக் குறையாகப் படித்து முடித்துவிடுதல் எளிது. இறையில்லங்களில் அணிவகுப்பில் நமக்குள் பிரிவில்லை என்பது உண்மை. அதற்காக இறைவனுக்கு நன்றி செலுத்துகிறோம். ஆனால் தொழுகை முடிந்து வெளியே வந்தபின் திருமண உறவில், பந்தியில், ஜமாஅத் நிர்வாகத்தில், குடும்பப் பெயரும் தொழிலும் ஊரும் பார்க்கப்படுவதில்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல இயலுமா? இறைநம்பிக்கையாளரிடையே பிளவை உண்டாக்கும் நோக்குடன் கட்டப்பட்ட ஓர் இறையில்லத்தைத் திருக்குர்ஆன் கண்டிக்கிறது (9:107). ஹிஜ்ரி 9-இல் தபூக்கிலிருந்து திரும்பிய நபி (ஸல்) அவர்கள் அதனை அகற்றச் செய்தார்கள். தொழுவதற்கென்று கட்டப்பட்டது என்பதாலேயே ஒரு கட்டடம் இறைவனுக்கான காணிக்கையாகிவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

குர்பானியின் சட்டங்களும் இதையே உணர்த்துகின்றன. ஷாஃபிஈ மத்ஹபில் அது வலியுறுத்தப்பட்ட சுன்னத். ஹனஃபி மத்ஹபில் வசதியுடையோர்மீது வாஜிபு. இறைச்சியில் ஏழைக்குப் பங்குண்டு என்பதோ பொது. இறைச்சியும் இரத்தமும் இறைவனை அடைவதில்லை, இறையச்சமே அவனை அடைகிறது என்னும் 22:37 வசனத்தின் கருத்தை நாம் பெருநாள்தோறும் கேட்கிறோம். அப்படியாயின் விலையுயர்ந்த ஆட்டின் படமும், பெயர் பொறித்த நன்கொடைக் கல்லும், கொடுத்த தொகையை அறிவிக்கும் ஒலிபெருக்கியும் யாரை அடைகின்றன? கனகராய முதலியின் விருந்தில் டூப்ளே மாலை ஐந்து மணிவரை இருந்தார் என்பதை வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. அந்த ஆலயத்தைக் கட்டக் கல் சுமந்தோர் எங்கே உண்டனர் என்பதை அது எழுதி வைக்கவில்லை. எழுதப்படாத அந்த ஏட்டையும் படிப்பவன் ஒருவன் இருக்கிறான்.

1745 அக்டோபரில் பறைச்சேரியிலிருந்து நடந்து சென்று தலைமைக் குருவின் முன் நின்றோரின் பெயர்களை நாட்குறிப்பு பதிவு செய்யவில்லை. அவர்களிடம் கட்டுவதற்குச் செல்வமில்லை. விருந்து வைக்கப் பொருளில்லை. தங்களுக்குச் சொல்லப்பட்ட இறைவார்த்தையை உண்மையென நம்பி, அதை உரத்துக் கேட்கும் துணிவு மட்டுமே அவர்கள் கொண்டுசென்ற காணிக்கை. அந்த ஆண்டில் புதுச்சேரியில் பீடத்தை மிக நெருங்கி வந்தவர்கள் அவர்களே.